மின்சாரக் காருக்கு வயதுச் சான்று வேண்டும்

பிறந்தவை யாவும் மூப்படைவது இயற்கையின் நியதி. நட்ட செடி மரமாகிறது. மரமும் ஒருநாள் பட்டுப்போகிறது. கொட்டிலில் துள்ளிய கன்று கிழட்டு மாடாகிறது. மனிதன் செய்த பொருள்களும் இந்நியதிக்கு விலக்கல்ல. தையல் இயந்திரம் தேய்கிறது, கடிகாரம் பின்தங்குகிறது, மிதிவண்டியின் சங்கிலி தளர்கிறது. ஆனால் இவற்றின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், அல்லது காதுக்குக் கேட்கும். வெளித்தோற்றம் பளபளவென்று இருக்கும்போதே, ஓசையின்றி உள்ளுக்குள் மூப்படையும் பொருள் ஒன்று இன்று நம் தெருக்களில் ஓடத் தொடங்கியிருக்கிறது. அதுதான் மின்சாரக் காரின் பாட்டரி.

"மின்சாரக் கார் வாங்கலாமா?" என்ற பேச்சு எழும் வீடுகளில் உடனே இன்னொரு கேள்வியும் எழுகிறது. "நாலைந்து வருடத்தில் பாட்டரி போய்விட்டால் என்ன செய்வது? அதன் விலைக்கு வேறு காரே வாங்கிவிடலாமே!" இக்கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு, இதைப் பெரிதாக்கி அச்சுறுத்துபவர்களும் உண்டு. இரு சாராரும் நமக்கு உதவுவதில்லை. பாட்டரி மூப்படைவது உண்மை. அது நாம் அஞ்சுவதைவிட மெதுவாகவே மூப்படைகிறது என்பதும் உண்மை. ஆகவே, எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்பதை வாங்குகிறவர் அறிந்துகொள்ள வழி செய்யவேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

அச்சம் எங்கிருந்து வந்தது?

நமது அச்சம் வெறும் கற்பனை அன்று. அது நம் வீட்டிலேயே பிறந்தது. மின்வெட்டு நேரத்தில் கைகொடுக்கும் இன்வெர்ட்டர் பாட்டரிக்கு நாம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுகிறோம். ஆனாலும் சில ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடுகிறது. கைப்பேசியோ இரண்டு மூன்று ஆண்டுகளில் மாலைக்குள் களைத்துப்போகிறது. "கையடக்கமான பொருளுக்கே இக்கதி என்றால் காருக்கு என்ன கதி?" என்று பெற்றோர் கேட்பதில் வியப்பில்லை.

நம் நாட்டின் முதல் அனுபவமும் அவ்வாறே அமைந்தது. 2001-ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ரேவா' என்னும் சிறிய மின்சாரக் கார் எட்டு ஈய-அமிலப் பாட்டரிகளால் இயங்கியது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 80 கி.மீ. ஓடும் என்றனர். இன்வெர்ட்டரில் இருக்கும் அதே இனத்துப் பாட்டரி என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டியதாயிற்று.

ஓடும் தூரத்தைப் பற்றிய கவலை இதற்கும் முந்தியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' போன்ற மின்சாரக் கார்கள் ஓடின. கைப்பிடியைச் சுழற்றி இயக்கவேண்டிய அவசியமில்லை, புகையில்லை, ஓசையில்லை. ஆதலால் பெண்கள் அவற்றை விரும்பி ஓட்டினர். பெட்ரோல் கார்களால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான் ஓட்டினார்! ஆயினும் 1912-இல் பெட்ரோல் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோலும் மலிவாகி, நெடுந்தூரம் செல்லவும் வசதியானபோது மின்சாரக் கார் பின்தங்கியது. அன்று அதைத் தோற்கடித்த காரணங்களுள் முக்கியமானது பாட்டரியின் குறைந்த ஆற்றலே.

இன்றைய கார்களில் இருப்பது லித்தியம்-அயனிப் பாட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிகவும் மூத்தவர் அவர்தான். மூத்தது பயனற்றது என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

கைப்பேசியில் இருப்பதும் இவ்வினத்துப் பாட்டரியே. ஆனால் வளர்ப்பு வேறு. கைப்பேசியை நாம் இரவு முழுவதும் சார்ஜில் போடுகிறோம், வெயிலில் வைக்கிறோம், சூடேறினாலும் விடாமல் பயன்படுத்துகிறோம். காரின் பாட்டரியிலோ பல மின்கலங்கள் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்க ஒரு சிறு கணிப்பொறி காவல் காக்கிறது. முழுக்க நிரம்பவோ முழுக்க வடியவோ விடாமல் அது சிறிது ஒதுக்கி வைக்கிறது. பல கார்களில் சூட்டைத் தணிக்கக் குளிர்நீர்மம் சுற்றிவருகிறது. ஆகவே கைப்பேசியைக் கொண்டு காரை அளப்பது பொருந்தாது.

மூப்பு எப்படி நேர்கிறது?

இப்பாட்டரியில் இரு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் பென்சில் நுனியில் இருக்கும் அதே கிராஃபைட் கரி; மறு பக்கம் லித்தியம் கலந்த உலோகச் சேர்மம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கரியின் அடுக்குகளுக்குள் போய்த் தங்குகின்றன. கார் ஓடும்போது அவை மறுபக்கம் திரும்புகின்றன. காலையில் பள்ளிக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவியரைப் போல, நாள்தோறும் இப்போக்குவரத்து நடைபெறுகிறது.

கரியின் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. முதலில் தோன்றும் படலம் நல்லதே. அது கரியைப் பாதுகாக்கிறது. ஆனால் அது நாளடைவில் தடித்துக்கொண்டே போகிறது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்புப் படிவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதைப் போன்றதே இதுவும். படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் போக்குவரத்திற்கு வருவதில்லை. போய்வரும் அயனிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, பாட்டரியின் கொள்ளளவும் குறைகிறது. கார் ஓடும் தூரமும் குறைகிறது.

இதில் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஓடினாலும் மூப்பு வரும். ஓடாமல் நிறுத்திவைத்தாலும் மூப்பு வரும். அதை விரைவுபடுத்தும் பகைவர்களுள் முதல்வன் வெப்பம். முழுக்க சார்ஜ் செய்து நெடுநாள் அப்படியே வைத்திருப்பது இரண்டாவது. அடிக்கடி மிகு விரைவில் சார்ஜ் செய்வது மூன்றாவது. வெப்பமும் முழுச் சார்ஜும் ஒன்றுசேர்ந்தால் தீமை இரட்டிப்பாகும்.

அரிசோனா கற்பித்த பாடம்

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவில் கிடைத்தது. நிசான் நிறுவனத்தின் 'லீஃப்' என்னும் மின்சாரக் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் பாட்டரியில் 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். அமெரிக்க அரசின் கணக்குப்படி அது 73 மைல், அதாவது ஏறத்தாழ 117 கி.மீ. ஓடும். பாட்டரியைக் குளிர்விக்க நீர்மம் எதுவும் அதில் இல்லை. ஆனால் பாட்டரியின் கொள்ளளவைப் பன்னிரண்டு கோடுகளால் காட்டும் மானி ஒன்று இருந்தது.

கோடை கொளுத்தும் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரப் பகுதியில், 2012-ஆம் ஆண்டில், லீஃப் உரிமையாளர் பலர் தம் கார்களில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டனர். வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை! அவர்கள் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பன்னிரண்டு கார்களைத் திரட்டி, ஒரே வழியில் ஓட்டி, எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று தாங்களே அளந்து பார்த்தனர். ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் ஒரு புதிய உறுதியை அறிவித்தது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் மானியின் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே போனால் பாட்டரியைச் சரிசெய்து தருவோம், அல்லது மாற்றித் தருவோம் என்பதே அது. முன்பே விற்ற கார்களுக்கும் இது பொருந்தும் என்றது. பின்னர் வந்த கார்களில் வெப்பத்தைத் தாங்கும் வகையில் பாட்டரியின் வேதிக்கலவையையும் மாற்றியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து "மின்சாரக் கார் ஆகாது" என்று முடிவுகட்டுவோர் பாடத்தின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். மறுபாதி யாது? அந்தக் காரில் கோடுகள் இருந்தன. ஆகவே குறை தெரிந்தது. குறை தெரிந்ததால் உரிமையாளர்கள் கேட்டார்கள். கேட்டதால் எண்ணால் குறித்த உறுதி பிறந்தது. மானியே இல்லாதிருந்தால் யார் எதைக் கேட்டிருக்க முடியும்? சித்திரை வெயிலில் வேகும் நம் ஊர்களுக்கு இப்பாடம் பெரிதும் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அப்படியானால் பொதுவாக எவ்வளவு மூப்பு ஏற்படுகிறது? கனடாவைச் சேர்ந்த 'ஜியோடேப்' என்னும் நிறுவனம் பல ஆயிரம் மின்சார வண்டிகளின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. முதலில் ஆண்டுக்குச் சராசரி 2.3 சதவீதம் குறைவதாகக் கூறிய அந்நிறுவனம், 2024-இல் வெளியிட்ட கணக்கில் 1.8 சதவீதம் என்று கூறியது. நாம் 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்.

உண்மைச் சாலையில் 250 கி.மீ. ஓடும் புதிய கார் ஒன்று என்று கொள்வோம். ஐந்தாண்டுகளில் 10 சதவீதம் குறைந்தால் 225 கி.மீ. ஓடும். எட்டாண்டுகளில் 16 சதவீதம் குறைந்தால் 210 கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கி.மீ. எட்டு வயதான அந்தக் கார் இடையில் நிற்காமல் அங்கே போய்ச் சேரும். போய்த் திரும்ப 300 கி.மீ. என்றால், புதிய காருக்கும் வழியில் சார்ஜ் தேவை. பழைய காருக்கும் தேவை. நாள்தோறும் 30, 40 கி.மீ. ஓடும் குடும்பத்திற்கு இந்த மூப்பு பெரிய இடையூறு ஆகாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ளவேண்டும். டாட்டாவின் நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தபோது அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கி.மீ. அது சோதனைச்சாலையில் அளந்த தூரம். குளிர்சாதனம் போட்டு, ஐந்து பேர் அமர்ந்து, நெடுஞ்சாலையில் விரைந்து சென்றால் எந்தக் காரும் சோதனைச்சாலைத் தூரத்தை எட்டாது. வாங்கிய மறுவாரமே தூரம் குறைகிறது என்றால் அது மூப்பு அன்று. ஓட்டும் முறையும் சாலையுமே காரணம். இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் வதந்திகள் பரவுகின்றன.

ஆனால் சராசரி என்பது எல்லோருடைய கதையும் அன்று. நிழலில் நின்று, அளவோடு சார்ஜ் செய்யப்பட்ட காரும் சராசரிக்குள் இருக்கிறது. மொட்டை வெயிலில் நின்று, நாள்தோறும் விரைவு சார்ஜரில் வதைபட்ட காரும் அதே சராசரிக்குள் இருக்கிறது. இரண்டும் சந்தைக்கு வரும்போது வண்ணமும் வடிவும் ஒன்றாகவே இருக்கும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பல்லைப் பிடித்துப் பார்க்க வழி என்ன?

மாட்டுச் சந்தையில் நம் முன்னோர் எப்படி மாடு வாங்கினர்? கொம்பின் அழகையும் கழுத்து மணியையும் பார்த்து ஏமாறவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தனர். பல் வயதைச் சொல்லிவிடும். மின்சாரக் காரை இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு அந்தப் பல் எங்கே?

புதிய கார் வாங்கும் வசதியுள்ளவருக்குக் கவலை குறைவு. பெரும்பாலான நிறுவனங்கள் பாட்டரிக்கு எட்டாண்டு அல்லது 1,60,000 கி.மீ. உறுதி அளிக்கின்றன. அந்தக் காலம் முடியும் தறுவாயில் காரை வாங்குகிறவர் யார்? சிறுகச் சிறுகச் சேமித்து முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பம். மின்சார ஆட்டோவைக் கடனில் வாங்கிப் பிழைக்கும் தொழிலாளி. புதிதாக இருந்தபோது 100 கி.மீ. ஓடிய ஆட்டோ இன்று 80 கி.மீ.தான் ஓடும் என்றால் அவருக்கு அது வெறும் எண்ணா? மாலையில் கிடைக்கவேண்டிய இரண்டு சவாரி. வீட்டுக்குப் போகவேண்டிய அரிசி. ஆகவே பாட்டரியின் மூப்பை மறைத்து விற்பது வசதியற்றவர் தலையில் சுமையை ஏற்றுவதாகும்.

இதற்கு உலகம் வழி காணத் தொடங்கிவிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் வாகன விதிகளுக்கான உலக மன்றம் 2022 மார்ச்சில் ஒரு விதியை ஏற்றது. அதன்படி ஐந்தாண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை காரின் பாட்டரி 80 சதவீதத்துக்குக் குறையாமலும், எட்டாண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். கார் காட்டும் எண் மெய்தானா என்று சோதிக்கவும் அவ்விதி வகை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பாட்டரிச் சட்டம், பாட்டரியின் நலத்தைக் காட்டும் விவரங்களை அதை வாங்கியவர் பார்க்க உரிமை தருகிறது. 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கார் பாட்டரிக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்துள்ளது.

நம் நாட்டிலும் பழைய மின்சார வண்டி கைமாறும்போது பாட்டரியின் நிலையைச் சதவீதத்தில் குறித்த சான்று ஒன்று கட்டாயம் கைமாறவேண்டும். இது செய்யமுடியாத காரியமன்று. பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சான்று கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. மின்சார வண்டிக்குப் புகைச் சான்று தேவையில்லை. காலியாக உள்ள அந்த இடத்தில் பாட்டரிச் சான்றை வைக்கலாமே!

"எண்ணைக் காட்டினால் மக்கள் பயந்து வாங்கமாட்டார்கள்" என்று சிலர் வாதிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? உண்மை தெரியாதபோதுதான் அச்சம் வளர்கிறது. 88 சதவீதம் என்று எழுதித் தந்தால் அதற்கேற்ற விலை பேசலாம். எதுவுமே எழுதாவிட்டால் வாங்குகிறவர் மிக மோசமானதையே எண்ணிக்கொள்வார். நன்றாகப் பேணியவரின் காருக்கும் அப்போது நல்ல விலை கிடைக்காது. ஆகவே சான்று வாங்குகிறவருக்கு மட்டுமன்றி, விற்கிறவருக்கும் நன்மையே.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. வீட்டில் மின்சாரக் காரோ ஸ்கூட்டரோ இருந்தால் சில எளிய பழக்கங்களை நாம் கடைப்பிடிக்கலாம். அன்றாட ஓட்டத்திற்கு 80 சதவீதம் வரை சார்ஜ் செய்தால் போதும். நெடும்பயணத்திற்கு முன்பு மட்டும் முழுதும் நிரப்பலாம். அடிக்கடி அடிமட்டம் வரை வடியவிடக்கூடாது. வேப்பமர நிழலோ கூரையோ உள்ள இடத்தில் நிறுத்தவேண்டும். வெயிலில் ஓடிவந்து சூடாக இருக்கும் வண்டியை ஆறவிட்டுச் சார்ஜ் செய்வது நல்லது. விரைவு சார்ஜரை வழிப்பயணத்திற்கு வைத்துக்கொண்டு, வீட்டில் மெதுவாகவே ஏற்றலாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முழுச் சார்ஜில் நிறுத்திவிட்டுப் போகாமல் பாதியளவில் வைக்கலாம். இரும்பு-பாஸ்பேட் வகைப் பாட்டரி இருந்தால், மானி சரியாகக் காட்டுவதற்காக அவ்வப்போது முழுச் சார்ஜ் செய்யும்படி சில நிறுவனங்கள் கூறுகின்றன. ஆகவே காருடன் தரும் கையேட்டைப் படிப்பது அனைத்திலும் முதன்மையானது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற பழமொழி பாட்டரிக்கும் பொருந்தும்.

ஓய்வு பெற்ற பின்பும் உழைப்பு

கார் ஓட்டத்திற்குப் போதாத பாட்டரி குப்பை அன்று. 70 சதவீதம் மீதியுள்ள பாட்டரியால் காரை நெடுந்தூரம் இழுக்க இயலாவிட்டாலும், ஓரிடத்தில் இருந்துகொண்டு விளக்கெரிக்க இயலும். ஜப்பானின் புகுஷிமா மாவட்டத்து நாமியே என்னும் ஊரில், பழைய கார் பாட்டரிகளைச் சோதித்துப் புதுப்பிக்கும் தொழிற்சாலை 2018-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள யோஹான் கிராய்ஃப் கால்பந்தாட்ட அரங்கில், 148 லீஃப் கார்களின் பாட்டரிகளுக்கு ஈடான மின்சேமிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. புதியனவும் பழையனவும் அதில் சேர்ந்தே உழைக்கின்றன.

அதுவும் முடிந்தபின் உள்ளே இருக்கும் லித்தியம், நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் பாட்டரி செய்யலாம். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. ஆகையால் ஓய்ந்த பாட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் உரியவரிடமே ஒப்படைப்பது நம் கடமை.

மேல்வகுப்புகளில் வேதியியல் பயிலும் தோழியருள் சிலர் நாளை இத்துறையில் ஆராய்ச்சி செய்யலாம். வெப்பம் மிகுந்த நாட்டிற்கேற்ற பாட்டரி எது என்ற கேள்விக்கு, அவ்வெப்பத்தில் வாழ்பவர்களே விடை தேடுவது பொருத்தமன்றோ? ஏனையோர் நாளை வண்டி வாங்குவோம், விற்போம். அப்போது இரண்டு காரியங்களை மறவாதிருப்போம். வாங்கும்போது, "பாட்டரி எத்தனை சதவீதம் இருக்கிறது? எழுத்தில் தாருங்கள்" என்று கூச்சமின்றிக் கேட்போம். விற்கும்போது, கேளாமலே அந்த எண்ணைச் சொல்வோம். பெற்றோரும் இன்றே இவ்வழக்கத்தைத் தொடங்கினால், சட்டம் வரும் நாளும் விரைவில் வரும் என்பதில் ஐயமில்லை.